உடைசல் போக

காசிமேட்டில் விடிகாலை மூன்று மணிக்கு
ஐஸ் பார் பலகையில் சறுக்கி இறங்கும் சத்தம்.
அது கேட்காத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது.
துளசிங்கம் ஐஸ் கம்பெனியில்
பதினோரு வருடம் கணக்கு நான்.
பச்சை நோட்டு ஆடிட்டருக்கு.
சிவப்பு நோட்டு, உரச்சாக்கில் சுற்றி
அம்மோனியா உருளைக்குப் பின்னால்.

முதலாளி சொல்வார்:
"நம்ம சரக்கு இன்னா தெரியுமா தயாளா? தண்ணி.
மத்தியானத்துக்குள்ள
சாட்சி இல்லாம பூடும்."
சரிதான். விசைப்படகின் வயிற்றுக்குள் போன பார்
வஞ்சிரத்தின் மேல் தூளாகி
நடுக்கடலில் உப்போடு உப்பாகிறது.
எந்த ஆபீசர் கடலைப் பிழிந்து எண்ணுவார்?

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
நாலு பேர் வந்தார்கள்.
சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, பீரோவை உடைக்கவில்லை.
ஹேமாவதி என்ற அம்மா
ஈரத்தில் வழுக்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி
நேராக மீட்டர் பெட்டிக்குப் போனார்.
நோட்டைக் கேட்கவில்லை.
கரண்ட் பில் கேட்டார்.

அவர் பைக்குள் ஏற்கெனவே நாங்கள் இருந்தோம்.
மணலியில் அம்மோனியா விற்றவன் எழுதிய பில்லில்,
தண்ணீர் லாரியின் ட்ரிப் சீட்டில்,
முதலாளி மகள் கல்யாணத்துக்கு
மண்டபத்தில் கட்டிய முன்பணத்தில்,
அவள் கழுத்தில் ஏறிய நெக்லஸில்.
பத்தே எழுத்து பான் நம்பர்
செவுளில் கோர்த்த நார் மாதிரி
எல்லாவற்றையும் ஒரே கொத்தாகத் தூக்கி வந்திருந்தது.
நாங்கள் வாயை மூடித்தான் வைத்திருந்தோம்.
எங்களுக்கு விற்றவர்கள்
அவரவர் கணக்கை ஒழுங்காகச் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு பாருக்கு மூணு யூனிட் போடறேன்.
உடைசல், உருகல், உங்க கிழட்டு மோட்டார்,
எல்லாம் அதுல அடக்கம். சரியா?"
மிஷின்மேன் ஏகாம்பரம் பெருமையாகத் தலையாட்டினான்.
அவனுக்கு அது மிஷினைப் பற்றிய கேள்வி.

மாதம் ஐம்பத்திநாலாயிரம் யூனிட்.
வகுத்தால் பதினெட்டாயிரம் பார்.
பச்சை நோட்டில்
ஒன்பதாயிரத்து இருநூறு.

ஐஸ் கிடங்கில் ஒருத்தருக்கு வியர்த்து
அன்றுதான் பார்த்தேன்.
உச்சிவெயிலுக்குள் முதலாளியே போய்
உரச்சாக்கைத் தூக்கி வந்தார்.
முடிச்சு அவிழ நேரமானது.
சிவப்பில் எட்டாயிரத்து நூற்று நாற்பது.

டீ வாங்கி வருகிறேன் என்று
நான் அப்போது கிளம்பியிருக்க வேண்டும்.

அந்த அம்மா கூட்டினார். கழித்தார்.
கால்குலேட்டரை அழித்துவிட்டு
மறுபடி கழித்தார்.
"அறுநூத்தி அறுபது இடிக்குதே.
தினம் இருபத்திரண்டு பார்.
இது எந்த நோட்டு?"

துளசிங்கம் அவரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.

நாகூரான் தோட்டத்தில் ஆறு ஜூஸ் கடை.
சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் ஸ்டீபன்.
மீன்பாடி வண்டியை இருட்டில் நிறுத்தி
காசை எண்ணாமல் கொடுக்கும்
நண்டுக்காரி குப்பாயி.
நாலு மணிக்கு முன்னால் நான் இறக்கிவிட்டவை.
எந்தத் தாளிலும் எழுதவில்லை,
தலையில் வைத்திருந்தேன்.
பையனின் மூன்று செமஸ்டர் பீஸ் அதில்தான் உறைந்தது.

கள்ளக் கணக்கை நான்
நல்ல கணக்காக எழுதுவேன் என்று
பதினோரு வருடம் நம்பியிருக்கிறார் மனுஷன்.

"உருகிடுச்சு மேடம்" என்றேன்.

அவர் தாளை என் பக்கம் திருப்பினார்.
கோபமே இல்லை. பேனா முனை
ஒரு வரியின் அடியில் நின்றது.
"உருகல் கழிச்சாச்சுங்க."

வெளியே லாரி ரிவர்ஸ் எடுத்தது.
பலகையில் ஒரு பார் சறுக்கி இறங்க,
ஏகாம்பரம் பழக்கத்தில் கத்தினான்:
"எழுதிக்கோ தயாளண்ணா, ஒண்ணு!"