பஞ்சுக்கு நடுவே இருந்தது

மண்ணீரலில் கட்டி.
திரையில் அது
அழுகத் தொடங்கிய நுங்கு மாதிரி தெரிந்தது.
அறுக்கலாம், என்றார் மருத்துவர்,
அறுத்தால் மூன்று மாதம்.
அறுக்காவிட்டால், என்று ஆரம்பித்துப்
பேனாவை மூடினார்.
கொசோங் மேசைக்கடியில்
என் செருப்பு வாரை நக்கிக்கொண்டிருந்தான்.

பதினோரு வயது.
சுங்கை காடுட்டில் மரக்கிடங்கை இடித்த அன்று
பலகைகளுக்கு அடியில் கிடைத்தவன்.
முட்டை வேண்டாம், வெங்காயம் வேண்டாம்,
ரெண்டு பரோட்டா கொசோங் என்று
சற்குணன் கடையில் சொன்னபோது
கூப்பிட்டது தன்னைத்தான் என்று வாலாட்டினான்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள்.
நாளெல்லாம் கண்ணாடிச் சில்லில்
யாருடையவோ அணுக்களை எண்ணுகிறவள்.
ஆதாரம் எங்கே என்று
சளிக்குக் குடித்த கஷாயத்திடமும் கேட்டவள்.
அந்த வெள்ளிக்கிழமை
தேக்கா சந்தையில் அரைக் கிலோ பச்சை மஞ்சள் வாங்கினேன்.

மஞ்சள், மிளகு, தேங்காய் எண்ணெய்.
கிண்டிய விழுதைத் தின்றுவிட்டு
நரைத்த மோவாயெல்லாம் மஞ்சளாக
நலங்கு வைத்த மாப்பிள்ளைபோல
கூடத்தில் நின்றான்.
சோபா உறை இன்னும் வெளுக்கவில்லை.

பிறகு காளான்.
வான்கோழி வால் என்று அதற்குப் பெயர்,
அறுபது குளிகை, நூற்றுப் பதினெட்டு வெள்ளி.
இதில் வான்கோழியும் இல்லை, வாலும் இல்லை,
எதற்கு இந்த விலை என்றான் சற்குணன்.
இரவில் எழுந்து பார்த்தால்
சமையலறை விளக்கைப் போடாமல்
குளிகையைப் பிரித்து
மத்தி மீனில் பிசைந்துகொண்டிருக்கிறான்.

மெல்பர்னிலிருந்து கௌசல்யா
குரல் அனுப்பினாள்: ஓர் எண்ணெய் இருக்கு,
கஞ்சாச் செடியில எடுக்கிறது,
எங்க லூனாவுக்கு அதுதான்.
கௌசல்யா, நான் இருப்பது சிங்கப்பூர்.
அந்தச் செடிக்கு இங்கே என்ன தண்டனை என்று
உனக்கும் தெரியும்.
தவிர,
பெட்டிக்குள் அதை முகர்ந்து பிடிப்பதும்
ஒரு நாய்தான்.

ஊசி போடும் டாக்டர் ஓங்
முதலிலேயே சொல்லிவிட்டார், குணமாகாது.
பசி எடுக்கலாம். தூக்கம் வரலாம்.
முதுகில் பதினான்கு ஊசிகள்.
இடி இடித்தால் குளியலறைக்குள் ஓடுகிறவன்
அசையாமல் கிடந்தான், குறட்டை விட்டான்.
ஒன்பது நாள் தூங்காத நானும்
நீல ரப்பர் பாயில்
வேலைச் சீருடையோடு சரிந்துவிட்டேன்.
விழித்தபோது என்மேல் ஒரு துண்டு,
அதில் வேறொரு நாயின் முடி.
தொண்ணூற்றைந்து வெள்ளி. துண்டுக்குக் காசு போடவில்லை.

ஈறு வெளுத்தால் இதைக் கொடுங்கள் என்று
கடைசியாகத் தந்தது யுன்னான் பொடி.
உள்ளே இரத்தம் கசிந்தால் கட்டுமாம்.
புட்டி வாயில் பஞ்சு,
பஞ்சுக்கு நடுவே ஒரேயொரு சிவப்பு மாத்திரை,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.
அது பேராபத்துக்கு மட்டும்.

இரண்டு முறை வெளுத்தது.
இரண்டு முறையும் விடிவதற்குள்
ஈறில் நிறம் திரும்பியது.
பொடியாலா, தானாகவா?
ஒப்பிட்டுப் பார்க்க
என்னிடம் இன்னொரு கொசோங் இல்லை.

மூன்றாவது முறை, இரவு இரண்டரை.
சற்குணன் பஞ்சைப் பிரித்த வேகத்தில்
மாத்திரை தெறித்து எங்கோ உருண்டது.
கைபேசி வெளிச்சத்தில்
குளிர்பெட்டிக்கு அடியில், செருப்பு அடுக்குக்கு அடியில்
இருவரும் தவழ்ந்து தேடினோம்.
கொசோங் தலையைத் தூக்கிப் பார்த்தான்.
இந்நேரத்துக்கு என்ன விளையாட்டு என்று நினைத்தானோ,
வால் ஒரு தடவை தரையைத் தட்டியது.

எழுபத்தோரு நாள் என்று
சற்குணன் செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதி வைத்திருக்கிறான்.
பக்கத்தில் வெள்ளி எவ்வளவு என்று எழுதவில்லை.

அடுத்த மாதம் பெருக்கும்போது
மாத்திரை கிடைத்தது,
கொஞ்சம் முடி சுற்றிக்கொண்டு.
வேலைக்கு எடுத்துப் போனேன்.
நுண்ணோக்கியில் வைக்கவில்லை.
சீருடைப் பையில்தான் இருக்கிறது,
துவைக்கப் போடும்போது
ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்துவிடுகிறேன்.