இடது கொம்பு, வலது கொம்பு

நாற்கரச் சாலையின் வல்லநாட்டு இறக்கத்தில்
மூன்றேகால் மணிக்கு மீன் லாரி தட்டிவிட்டது.
ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
காவலர் பலவேசம்
வேப்பங்குலையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார்.

கடா. ஐந்தாறு வயசு.
முதுகு அடுப்புக்கரி.
வயிறு நேற்றுச் சுண்ணாம்பு அடித்த சுவர்.
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தவர் முகம்போல.

என் கையில் உறை.
அதனால் செல்போனை அவர்தான் அமுக்கினார்.
போட்ஸ்வானாவில் போர்வெல் மெக்கானிக்,
என் வீட்டுக்காரர் ஞானதிரவியம்,
ராத்திரி அனுப்பிய குரல்கள் ஒன்பது.

"கேட்டியா, இங்க ஜெம்ஸ்பாக்னு ஒண்ணு.
பக்கவாட்டுல நின்னா ஒத்தக் கொம்பு.
திரும்புனாத்தான் இன்னொண்ணு இருக்கது தெரியும்.
மூஞ்சில கறுப்புப் பட்டை, கடிவாளம் மாட்டுனாப்ல.
தண்ணி இல்லாமலே நாள்கணக்கா நிக்கி, சவம்.
நாங்க எண்ணூறு அடி எறக்கியும்..."
ரிக் இரைகிறது. மிச்சம் கேட்கவில்லை.

விலா எலும்பு நான்கு முறிவு.
மண்ணீரல் கிழிவு.
நான் சொல்லச் சொல்ல வனவர் எழுதினார்.

"ஈலாண்டு எருமத்தண்டி இருக்கும்.
நடந்தா முட்டு சொடக்குப் போடும், டக்கு டக்குனு.
மொத நாளு ராத்திரி கூடாரத்துல படுத்துக்கிட்டு
ஃபோர்மேன்தான் வெரல முறிக்கான்னு நெனச்சேன்."
பலவேசம் சிரித்துவிட்டு
கீழே கிடந்ததைப் பார்த்து
வாயை மூடிக்கொண்டார்.

"ஸ்பிரிங்பாக் ஒண்ணும் இல்லாததுக்குத் துள்ளுது.
நாலு காலையும் வெறச்சிக்கிட்டு ஆளுயரத்துக்கு.
முதுகு மடிப்புல இருந்து வெள்ள முடி
விசிறியா விரியும்.
சிவிங்கி நிக்கும்போதும் அதே துள்ளல்.
ஓடாம எதுக்குட்டி துள்ளுது?
நீதான படிச்சவ."

'என்னைத் துரத்திப் பிரயோசனமில்லை'
என்று காட்டத்தான் என்பார்கள் எங்கள் வகுப்பில்.
இந்தக் குன்றைச் சுற்றி
துரத்த ஒரு சிவிங்கியும் கிடையாது.
கண்ட ஆளும் கிடையாது.
கால்களுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.
விளக்கு வெளிச்சம் விழுந்ததும்
இது ஒதுங்கவில்லை, எழும்பியிருக்கிறது.
முறிவுகள் இருக்கும் உயரம் அப்படி.

இனம் என்ற கட்டத்தில்
புள்ளிமான் என்று எழுதிவிட்டார் வனவர்.
வெளிமான் என்றேன். அடித்து எழுதினார்.
கொம்பை உதிர்த்து உதிர்த்து
வருசத்துக்கொன்று முளைக்கவைப்பது வேறு சாதி.
இது உதிர்க்காது,
முளைத்த கொம்போடுதான் சாகும்.
பழைய சொல் ஒன்று உண்டு, இரலை.
அதைக் கேட்டு வனவர் பேனாவை உதறினார்,
மை வரவில்லை என்பதுபோல.

இடது கொம்பு: ஐம்பத்தொன்றரை சென்டிமீட்டர், நாலு முறுக்கு.
வலது கொம்பு: நுனி சிதைவு.

ஒன்பதாவது குரல் சின்னது.
"நம்ம ஊரு மான் படம் ஒண்ணு அனுப்பு.
முறப்பநாட்டுலயே பொறந்து வளந்து
அந்த மலைய பஸ்ல இருந்து பாத்ததோட சரி."

ரத்தமில்லாத பக்கமாகத் திருப்பி
முகத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன்.
போனது. உடனே பதில்:
"கண்ணுக்குக் கீழ குழியா இருக்கே, அழுதிருக்கோ?"
இல்லை, அது சுரப்பி.
முள் நுனியில், புல் நுனியில் தேய்த்துவிட்டுப் போகும்,
இது என் இடம் என்று.
பலவேசம் எழுத்துக்கூட்டித் தட்டினார்.

இரண்டு நீலக் கோடு.
பிறகு ஒன்றும் இல்லை.
அங்கே இப்போதுதான் ஆறரை இருக்கும்,
ரிக்கை முடுக்கும் நேரம்.

கொம்போடு சேர்த்து எரிக்கவேண்டும், விதி.
டீசல் பத்து லிட்டர்.
நகம் கருகும் வாடை.
உடைமரங்களுக்கு அப்பால் பிணைகள் ஐந்து,
கொம்பில்லாத பழுப்பு,
புகையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தன.
அதில் ஒன்று
ஒன்றுமில்லாததுக்கு எழும்பியது.
பின்னால் இன்னொன்று.
பிறகு எல்லாம்.

"படம் எடுங்கம்மா, படம் எடுங்க"
என்று கத்தினார் பலவேசம்.
செல்போன் அவர் சட்டைப்பையில் இருந்தது.