பிடித்தம்

நூற்றுக்கு இருபது, அரசாங்கத்துக்கு.
எண் சரிபார்க்காத ஆளென்றால் முப்பது.
ஹாலிஃபாக்ஸில், காலணிக்கடை மாடியில்,
வெள்ளிதோறும் இதைத்தான் தட்டச்சு செய்தேன்.

டெஸ்மண்ட் ஹோல்ராய்ட், கற்பலகைக் கூரைக்காரர்,
விரலில் ஈயத்தகட்டின் கறுப்போடு வருவார்.
"இந்த வாரம் யார் யாருக்கு எவ்வளவு?" என்பார்,
பங்காளிகளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

பயிற்சித் தீர்வை முதலாளி கட்டவேண்டியது.
அதையும் அவர் தலையில் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
மறுவாரம் திருப்பிக் கொடுத்தேன்,
'கூட்டல் பிழை' என்று எழுதி.
என் கூட்டலில் பிழை வந்ததே இல்லை.

அப்புறம் அந்த ஐந்து.
நூலகக் கூரை ஒழுகவில்லை என்று
ஒரு வருஷத்து மழை சாட்சி சொல்லும்வரை
எங்களிடமே கிடக்கும்.

நவம்பர், ஜனவரி, ஆலங்கட்டியோடு ஏப்ரல்,
திரும்ப நவம்பர்.
ஒரு சொட்டு இறங்கவில்லை.
டிசம்பரில் கேட்டார்.
"பொறியாளர் கையெழுத்து வரட்டும்" என்றோம்.
மார்ச்சில் ஒழுகியது நாங்கள்:
கம்பெனி திவால்.

கடன் கொடுத்தோர் பட்டியலும் நான் அடித்ததுதான்.
வங்கிக்குப் பின், வரிக்குப் பின்,
நாற்பத்தொன்றாவது பெயர் ஹோல்ராய்ட்.
அவர் தொகையை மட்டும் தடித்த எழுத்தில் அடித்தேன்.
யாரோ அதைச் சாதா எழுத்தாக்கியிருந்தார்கள்.

வேலை இல்லாத பகல்களில் இப்போது
அந்த நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
கதகதப்பு இலவசம்.
மேலே மழை பெய்யும்போதெல்லாம்
அண்ணாந்து தேடுகிறேன்,
எங்காவது ஒரு ஈரக்கறை
தென்பட்டுவிடாதா என்று.