மறுபயன்

பாதிக் கூரையை விட்டு இறங்கி வந்தான்
லியாண்டர் மோலண்ட்.
போனவிஸ்டா காற்றுக்கு ஒப்பந்தம் தெரியாது;
மூடாத பக்கத்தில் புகுந்து
அடுப்பங்கரைக் காலண்டரைப் புரட்டியது.

பேசியது ஆறாயிரம் டாலர்.
பலகை விலை ஏறிவிட்டது, கட்டுப்படியாகாது
என்றான், தொப்பியைப் பார்த்து.

எட்டு தருகிறேன் என்றாள் பிலோமினா கியோ,
முப்பது வருடம் நீதிமன்றத்தில் கோப்பு அடுக்கியவள்.
ஆனால் சும்மா சொன்னால் செல்லாது.
ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேலைக்குக்
கூடுதல் காசு என்பது வெறும் வாய்ச்சொல்.
நான் போனபின் என் மகன் அதைத்தான் சொல்வான்,
வக்கீல் அவன்.
புதிதாக எதையாவது கொடு.
ஒரு மிளகு போதும்.

மிளகுக்கு எங்கே போவான்?
பையைக் கவிழ்த்தான்:
நாலு ஆணி, அவையும் அவள் கூரைக்கு உரியவை,
ஈரக் கைக்குட்டை,
பல் பதிந்த பென்சில் துண்டு.

அதை வாங்கி அதைக்கொண்டே எழுதினாள்:
பென்சில் பெற்றேன், இரண்டாயிரம் கூட்டினேன்.
இருவரும் ஒப்பமிட்டார்கள்.

ஏணியின் மூன்றாம் படியில் நின்றான்.
அளவு குறிக்க அது வேண்டுமே.

இரவல்தான், என்று நீட்டினாள்,
பொழுது சாய்வதற்குள் திரும்பி வரவேண்டும்.

அந்த வாக்குக்கு
அவள் எதுவும் கேட்கவில்லை.