பாலைவனத்தைப் பெருக்குகிறவன்

என்ன வேலை என்று கேட்டால்
பாலைவனத்தைப் பெருக்குகிறேன் என்பேன்.
ஷக்ஷூக் தேநீர்க் கடையில்
அதற்கு இன்னமும் சிரிக்கிறார்கள்.

பொய்யில்லை.
காரூன் ஏரிக்கு வடக்கே
நானும் பயூமியும்
மார்ச் மாதம் முழுக்க
சரளைக்கல்லைக் கூட்டித் தள்ளுகிறோம்.
அடிமண் தெரிந்ததும்
துடைப்பத்தை வண்டியில் போட்டுக்கொண்டு
வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.
தோண்டுவதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.
ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும்,
கூலி கேட்காது.

மறு வருடம் போனால்
ஆமையோடு, முதலைப்பல்,
கல்லாகிப் படுத்துக் கிடக்கும் மரங்கள்.
இங்கே காடு இருந்ததாம், ஆறு ஓடியதாம்.
மதியம் ரொட்டியும் ஃபூலும்
அந்தக் கல்மரத்தின் வேரடியில்தான் தின்பேன்.
நிழல் கிடைக்காது.
பழக்கம்.

இந்த வருடம் எனக்குக் கடைவாய்ப் பல்வலி.
கன்னம் வீங்கி
இடப்பக்கமாகவே மென்றுகொண்டிருந்தபோது
பயூமி கத்தினான்.

ஒரு கீழ்த்தாடை.
என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
டாக்டர் இன்சாஃப் மண்ணில் குப்புறப் படுத்து
ஊதி ஊதித் தூசி தட்டி
ஊசிமுனையால் எண்ணினார்:
வெட்டுப்பல் இரண்டு,
கோரைப்பல் ஒன்று,
முன்கடைவாய் இரண்டு,
கடைவாய் மூன்று.
இரண்டு ஒன்று இரண்டு மூன்று.
கைப்பேசி எண் சொல்வதுபோல
இன்னொரு முறையும் சொன்னார்.

முன்கடைவாய் மூன்று இருந்தால்
அது வேறு கிளையாம்.
அந்தக் கிளையும் இதே மண்ணில் கிடக்கிறது.
அட்லாண்டிக்குக்கு அப்பால்
வாலால் தொங்கும் குரங்குகளுக்கும்
இன்றுவரை மூன்றுதானாம்.
இதற்கு இரண்டு.
வயது மூன்று கோடி.

நான் ஒன்றும் பேசவில்லை.
நாக்கு தானாகப் போய்
என் வலப்பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தது.
இரண்டு.
ஒன்று.
இரண்டு.
அப்புறம் இரண்டு, கூடவே அந்தப் பாழாய்ப்போனது.

இப்ஷவாயில் பல் பிடுங்கும் மெர்வத்
என்னோடு பள்ளியில் படித்தவள்.
எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து
"இடம் இல்லையே" என்றாள், வாடகைக்கு வந்தவனிடம் சொல்வதுபோல.
"பல் பழைய கணக்குக்கு முளைக்கிறது.
தாடை சுருங்கிவிட்டது.
வேகவைத்ததைத் தின்று வளர்ந்த தாடை."
வாய் திறந்திருந்ததால்
மறுத்துப் பேச முடியவில்லை.

பஞ்சில் சுற்றிய பல்லை
இன்சாஃபிடம் காட்டினேன்.
லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.
மெல்லும் பரப்பில் ஐந்து மேடு.
அதன் பல்லிலும் ஐந்து.
இரண்டையும் ஒரே துணியில் வைத்துப் படம் எடுத்தார்.
தாடைக்கு ஓர் எண் எழுதிப் பெட்டியில் வைத்தார்.
என்னுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்படியானால் உன் பாட்டனா அது?"
நஜாத் இரவு முழுக்கக் கேலி செய்தாள்.
நேர்ப் பாட்டன் என்று யாராலும் சொல்ல முடியாது.
கல்யாண வீட்டில்
யார் வழியில் வந்தவர் என்று தெரியாமல்
முன்வரிசையில் உட்கார்ந்து
நம் சாயலில் சிரிப்பவர் இருப்பாரே,
அந்த மாதிரி உறவு.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
தையல் வலித்தது.

சின்ன வயதில் விழுந்த பல்லைச்
சூரியனைப் பார்த்து எறிவோம்,
நல்லது முளைக்கட்டும் என்று.
இது இனி முளைக்காது.
ஆனாலும் எறியத் தோன்றியது.
பெருக்கிய சதுரத்தில் விழுந்துவிட்டால்
இன்சாஃப் என்னைக் கொன்றுவிடுவார்,
வருங்காலத்தில் எவனோ குழம்புவான் என்று.
ஆகவே திரும்பி நின்று
ஏரிப்பக்கமாக வீசினேன்.
சரளையில் ஒருமுறை எகிறியது.
பிறகு எந்தக் கல், எந்தப் பல் என்று
எனக்கே தெரியவில்லை.

பயூமி அடுத்த சதுரத்துக்குக்
கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.
அந்த முனையைப் பிடி என்றான்.