முதுகுப்பை

பைக்குள் என்ன இருந்தது, வக்கீல் கேட்டார்.

வேதியியல் புத்தகம். அவனுடையதுதான்.
பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்று,
எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது.
ப்ளூம்க்விஸ்ட்டின் பொருளாதாரம், இரண்டு பாகம்.
போதாமல், பனிக்காலணி ஒரு ஜோடி.
எடை தெரியாது.
தூக்கிப் பார்த்து ‘இது போதும்’ என்றான் ஒருவன்.
நான்தான் அந்த ஒருவன்.

எதற்காக முதுகில் மாட்டினீர்கள்?

மல்லாந்து புரண்டுவிடக் கூடாதே என்று.
மல்லாந்தால் வாந்தி உள்ளே திரும்பும்,
மூச்சு அடைக்கும்,
செத்துப்போவான்.

சுருக்கெழுத்துக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.
கேட்கத் தேவையில்லை என்பது எனக்குப் புரிய
ஒரு முழு நிமிஷம் ஆயிற்று.

*

பிப்ரவரி. மிசிசிப்பி உறைந்து
மேலே லாரி ஓட்டலாம் என்று பந்தயம் கட்டும் குளிர்.
வீட்டின் நிலவறையில் பாய்லர் பக்கம்
பன்னிரண்டு புதுப் பையன்கள்,
சட்டையில்லாமல், கழுத்தில் டை மட்டும்.
ஆளுக்கொரு பாட்டில்.
பாட்டில் காலியானால் சகோதரன்.

தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தோம்.
எனக்கு விழுந்த தம்பி லெய்ஃப் ஹாகன்.
பதினெட்டு வயது, பால்பண்ணை வீடு,
அதிகாலை நாலரைக்கு எழுந்து பழகியவன்.
விடுதியிலும் நாலரைக்கே விழிப்பு வந்து
கறக்க மாடு இல்லாமல்
கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பானாம்.
அவனே சொன்னான், முதல் மடக்குக்கு முன்.
நான் சிரித்தேன்.
‘அண்ணா’ என்று கூப்பிடச் சொன்னேன்.
கூப்பிட்டான்.

பாதியில் பாட்டிலை இறக்கி, முடியலை என்றான்.
யாரும் அடிக்கவில்லை.
யாரும் அவன் வாயைப் பிடித்துத் திறக்கவில்லை.
சுற்றி நின்று கைதட்டினோம், அவ்வளவுதான்.
தாளம் தப்பாமல்
கைதட்டினோம்.

*

போன வருஷம், அதே சோபா.
அதே பக்கம் திரும்பி நான் கிடந்தேன்.
என் பையில் செங்கல்.
காலையில் எழுந்தேன், ரொட்டி தின்றேன்,
கன்னத்தில் யாரோ மார்க்கரால் எழுதியதை
மூன்று நாள் தேய்த்தேன்.
எங்களிடமிருந்த மருத்துவ அறிவு
மொத்தமும் இதுதான்: நான் எழுந்தேன்.

ஒரு மணிக்கு, உதடு நீலமா என்று பார்க்க
ஃபோன் வெளிச்சம் அடித்தோம்.
வெளிச்சமே நீலம்.
ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா என்றான் அம்ப்ரோஸ்.
கூப்பிட்டால் வீடு போகும் என்றான் ப்ளூம்க்விஸ்ட்,
எண்பது வருஷ வீடு.
எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.
சட்டமிட்ட படங்களில் வரிசை வரிசையாக
கோட்டு போட்ட அண்ணன்கள்.
அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

நாலரைக்கு எனக்கு ஏனோ விழிப்பு வந்தது.
அவன் எழும் நேரம்.
பை சரியாகத்தான் இருந்தது.
ஓர் அங்குலம் நகரவில்லை.
அவன் மல்லாந்து புரளவே இல்லை.

*

விளையாட்டு என்று
எங்கள் தரப்பு பதினோரு முறை சொன்னது.
எண்ணினேன்.
வினை என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின்
சாட்சிப் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
நீதிமன்ற நடையில், காபி இயந்திரத்தின் அருகே,
மாரிட் ஹாகன் அந்தப் பையை
மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.
என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

இடது பட்டை எப்பவும் தொங்கும்.
எத்தனை தடவை சொன்னாலும் இழுத்துக்கட்ட மாட்டான்.
இதை இறுக்கினது யார்?

நான், என்றேன்.
தோளை உறுத்தக் கூடாதென்று
அடியில் துண்டு மடித்து வைத்ததும் நான்.
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அடிப்பாள் என்று நினைத்தேன்.
அவள் கொக்கியைப் பிடித்து
பட்டையைத் தளர்த்தப் பார்த்தாள்.
விரல் வழுக்கியது. மறுபடி பார்த்தாள்.
உதவப் போன என் கையை
நானே பிடித்துக்கொண்டேன்.