நாற்பதடி

தூரத்து மலைக்கு நீலம் கொஞ்சம், வெள்ளை நிறைய.
அதற்கு முந்தியதற்குச் சாம்பல்.
கிட்டத்துப் பாறைகளுக்குக்
காவிரி மணலையே சலித்து
பசையில் குழைத்து
கத்தியால் அப்பினேன்.
காய்ந்ததும் தடவிப் பார்த்தால்
உள்ளங்கையில் சொரசொரத்தது ஊட்டமலை.

மேட்டிலிருந்து வந்த மீன் பொரிக்கும் புகை
ஈரச் சாயத்தில் ஒட்டியிருக்கலாம்.
ஒகேனக்கல்லில் எதுதான் ஒட்டாது.

பரிசலைத் தலைமேல் கவிழ்த்துப் போன மாதையன்
விளிம்பைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.
"இங்க எதுக்கு இவ்ளோ கறுப்பு?"
ஆழம், என்றேன்.
"அது முழங்கால் தண்ணி. பாறையோட நெழலு.
ஆழம் இங்க."
அவன் விரல் வைத்தது
நுரையென்று நான் எதுவும் தீட்டாமல்
துணியின் வெள்ளையாகவே விட்டிருந்த இடம்.
"நாப்பதடி. போன ஆடிப் பெருக்குல
உள்ள போச்சு என் துடுப்பு.
இன்னும் மேல வரல."

பரிசல் நடந்து போய்விட்டது,
கீழே இரண்டு கால்களோடு.

வெள்ளையில் பழுப்பாய் ஒரு விரல்ரேகை.
துடைக்கத் துணி எடுத்தேன், வைத்துவிட்டேன்.
கறுப்பில் மட்டும்
ஒரு சிட்டிகை மணல் தூவினேன்,
முழங்கால் அளவுக்கு.